கோக்கோ உட்கார்ந்த இடம்

செனாய் நகரில் நாய்களுக்கான மோப்பப் போட்டி. கிராம்பு எண்ணெய் தடவிய பஞ்சு இருக்கும் பெட்டியின் முன்னால் நாய் உட்கார வேண்டும். ஜெரால்டினின் இளம் நாய் கோக்கோ, போன போட்டியைப் போலவே பெட்டிகளை விட்டுவிட்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தது.

“மடையா, போய்த் தேடு,” என்று எல்லோர் முன்னாலும் கத்தி, அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். கோக்கோ நடுங்கியபடி மறுபடியும் அவள் முன்னாலேயே உட்கார்ந்தது.

நேரம் முடிந்தது.

“இது தேறாதுலா சார். யாருக்காவது குடுத்துடப் போறேன்,” என்றாள் நடுவர் குணாளனிடம்.

“காலையில வீட்டுல பிராக்டிஸ் பண்ணீங்களா?”

“ஆமா சார். போட்டிக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி எப்பவும் நான்தான் பஞ்சுல எண்ணெய் தடவி ஒளிச்சு வைப்பேன்.”

“உங்க கைய மோந்து பாருங்கம்மா.”

விரல்களில் கிராம்பு வாசம் தூக்கலாக அடித்தது. அவளால் தலை நிமிர முடியவில்லை. காலடியில் கோக்கோ, பரிசுத் தீனிக்காக இன்னும் அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.