ஒரு கை காலியாக இருக்க வேண்டும்

எமனே ஆனாலும் சட்டத்தின் முன் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இதை வக்கீல் அடிக்கடி சொல்வார். நீதிமன்றத்தில் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூட்டிக் கிடக்கும் பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில், இருபது முகம் கொண்ட ஒரு பகடையைப் பார்த்து.

நாலு வருடமாக அங்கே ஒரு கதை விளையாட்டு நடக்கிறது. நடத்துபவர் பல் டாக்டர். குகை, பூதம், பாலம் எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகப் பேசுவார்கள், பகடை உருட்டுவார்கள். வக்கீல் ஒரு கிழ மந்திரவாதி. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸான அவர் மனைவி போன கோடையில்தான் சேர்ந்தாள். காயம் ஆற்றும் துறவி. மனைவியின் தம்பி முன்பு நெருப்பு வீசுகிறவன், இப்போது வெறும் ஈட்டிக்காரன்.

நெருப்பு வீசுகிறவன் செத்தது வக்கீலின் வாயால்.

அன்று அவன் ஒரு கையால் கயிற்று ஏணியைப் பிடித்திருந்தான். மறு கையில் காப்பாற்றிய குழந்தை. வௌவால் பூதம் ஒன்று பாய்ந்து வந்தது. மந்திரம் போடுகிறேன் என்றான் மச்சினன். வக்கீல் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, விதிப்புத்தகத்தைத் திறக்காமலே பக்க எண்ணைச் சொன்னார். மந்திரம் பலிக்க விரல் அசைய வேண்டும். விரல் அசைய ஒரு கை காலியாக இருக்க வேண்டும். ஏணியை விடலாம், குழந்தையை விடலாம், விதியை விட முடியாது.

மச்சினன் அன்றைக்கு டீ கூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போனான்.

இன்றைக்குப் பாலம் அறுந்தது.

ஈட்டிக்காரன் அந்தக் கரையில் மாட்டிக்கொண்டான். கிழ மந்திரவாதி நினைவு தப்பிப் பள்ளத்தின் மேல் தொங்குகிறார். துறவி விளிம்பில் குப்புறப் படுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். அவளுடைய இன்னொரு கையில் கேடயம்; வாரால் இறுக்கிக் கட்டியது. அவிழ்க்க ஆட்டத்தில் ஒரு முழுச் சுற்று ஆகும்.

அந்த ஒரு சுற்று கிழவருக்கு இல்லை. சாவுப் பகடை மூன்று முறை தவறினால் கதை முடிந்தது. இரண்டு முறை தவறிவிட்டது.

காயம் ஆற்றும் மந்திரத்தைப் போடுகிறேன் என்றாள் மனைவி, ஊசி போடுகிறேன் என்பதுபோல.

தீர்ப்புச் சொல்ல வேண்டிய டாக்டர் மெல்ல வக்கீல் பக்கம் திரும்பினார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்கு முன் அவர் முகத்தில் வருகிற அதே பரிவு.

மச்சினன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சொல்லுங்க அத்தான். எத்தனாம் பக்கம்?"

வக்கீல் தண்ணீர் குடித்தார்.

வாரம் முழுக்க வாய்தா வாங்கிக்கொண்டு நிற்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலை பிளந்து வழி விட்டது. கிழவரின் முழங்கால் வலி எந்தப் பனிக்காலத்தில் தொடங்கியது என்பது வரை அவர் எழுதி வைத்திருந்தார். அவர் தோற்ற வழக்குகளுக்கெல்லாம் சேர்த்துக் கிழவர்தான் ஜெயித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. விதி என்று ஒன்று இருந்தால் விலக்கு என்று ஒன்று இல்லாமலா போகும்?

எழுந்து நின்றார். உட்கார்ந்தால் அவருக்கு வாதம் வராது. நான்காம் நிலையை எட்டுகிற எவரும் ஒரு தனித்திறனைத் தேர்ந்துகொள்ளலாம் என்று தொடங்கினார். அவற்றுள் போர்க்கள மந்திரம் என்று ஒன்று உண்டு. அதை எடுத்தவருக்கு இரண்டு கையும் நிறைந்திருந்தாலும் மந்திரம் பலிக்கும். துறவி இரண்டு மாதத்துக்கு முன்பே நான்காம் நிலைக்கு வந்துவிட்டாள். ஆகவே விதி மயிரிழையும் வளையவில்லை. அவள் எதை எடுத்தாள் என்று பார்த்தால் போதும்.

மச்சினன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான். இந்த மனுஷன் செத்தாலும் பிழைத்துக்கொள்வார் என்று முணுமுணுத்தான்.

வக்கீல் மனைவியிடம் கையை நீட்டினார், சாட்சியிடம் ஆவணம் கேட்பதுபோல. அவள் துறவியின் திறன்களை எழுதிய தன் தாளைக் குப்புறக் கவிழ்த்து மேஜையின் குறுக்கே தள்ளினாள்.

"நீங்களே படிங்க. சத்தமா."

தாளைத் தொட்ட பிறகுதான் அவருக்கு இரண்டு மாதத்துக்கு முந்தைய அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. அவள் டியூட்டி முடிந்து வந்து, ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியும் மறு கையில் அவருடைய கறுப்பு அங்கியுமாக நின்றிருந்தாள். எந்தத் தனித்திறன் வேண்டும் என்று இவர் சோபாவிலிருந்து கேட்டார்.

"ரெண்டு கையிலயும் வேலை இருந்தாலும் போடலாம்னு ஒண்ணு இருக்கே, அது. எனக்கு என்னைக்குக் கை காலியா இருந்திருக்கு?"

அவர் சிரித்தார். இந்த விதியெல்லாம் உனக்குச் சிக்கல், எல்லாருக்கும் உபயோகப்படுகிற மாதிரி நானே ஒன்று பார்த்து எழுதிவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தார்.

இப்போது கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தாளைத் திருப்பினார். டாக்டர் பகடையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தனித்திறன் என்ற கட்டத்தில், வக்கீலின் கையெழுத்தில், 'சமையல்' என்று எழுதியிருந்தது.