மன அறிக்கை

முதலாண்டில் இரண்டு எழுத்துப் பாடங்களில் ஒன்றைக் கட்டாயம் எடுத்தாக வேண்டும். சொந்தமாக எழுதும் பாடத்தை எடுத்தால், எழுதியதை வைத்தே மாணவரின் மனதில் என்ன ஓடுகிறது என்று கல்லூரி மாதாமாதம் வீட்டுக்கு அறிக்கை அனுப்பிவிடும். செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தை வைத்து எழுதும் பாடத்துக்கு அறிக்கை கிடையாது.

அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பாடத்தேர்வுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுடர்விழி இயந்திரப் பாடத்தைத் தொட்டாள்.

“ஸ்கூல்ல அத்தனை கட்டுரைப் போட்டியிலயும் பரிசு வாங்குனவ நீ. இப்பப் போயி மெஷின வச்சு எழுதப் போறியா?”

“எல்லாரும் அதத்தாம்பா எடுக்குறாங்க.” திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“சரி, உன் இஷ்டம்” என்று அப்பா எழுந்துகொண்டார்.

தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே நின்றாள்.

“பையன் யாருடி?”