பாளையம்பட்டியில் பினாங்குக் குரல்

பாளையம்பட்டி சங்கரபாண்டியனின் இரும்புக்கடைக்குள் உச்சி வெயில் தகரக் கூரையின் ஓட்டை வழியே கம்பியாக இறங்குகிறது. கல்லாவுக்குப் பின்னால் மேசையில் ஒரு பெரிய வால்வு ரேடியோ இருக்கிறது. ராணுவ ஏலத்தில் வந்த பழைய பெட்டியைப் பிரித்து, எரிந்துபோன காயில்களைத் தன் கையாலேயே புதிதாகச் சுற்றி, ஒரு வருடமாக அதைக் கட்டியவள் அவன் மனைவி தங்கச்செல்வி. தொலைதூரத்து ஆட்களோடு ரேடியோவில் பேச அனுமதிக்கும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸும் அவள் பெயரில்தான். இன்றுதான் முதல்முறையாக அதற்குக் கரண்டு கொடுக்கிறாள். வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவக்கின்றன. சூடேறிய தூசியின் வாசனை எழுகிறது. பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்மிட்டரின் மைக்கை எடுத்துத் லைசென்ஸில் தனக்குத் தந்திருக்கும் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, டயலை மயிரிழை அளவு திருப்பித் திருப்பிக் காத்திருக்கிறாள். இரைச்சல் விலகுகிறது. கடல் தாண்டி ஓர் ஆண் குரல் தமிழிலேயே வருகிறது.

"பினாங்கிலேருந்து மாரியப்பன் பேசுறேன். கேக்குதாம்மா? என்ன செட்டு வச்சிருக்கீங்க, வெளிநாட்டுதா? ஓவர்."

அவள் முதுகை நிமிர்த்திக்கொள்கிறாள்.

"பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்குது சார். செட்டு நானே கட்டுனது. ஓவர்."

வாசலுக்கு வந்த கொத்தனார், "அரைக் கிலோ ஆணி குடுங்க" என்று உரக்கச் சொல்கிறார். சங்கரபாண்டியன் தராசைக் கீழே வைத்துவிட்டு உதட்டில் விரலை வைக்கிறான். வீட்டிலும் கடையிலும் மனைவியை 'அவ', 'இவ' என்றே சொல்லிப் பழகியவன்.

"செத்த பொறுங்கண்ணே," என்கிறான். "அவுக பேசிக்கிட்டிருக்காக."