காலணிக்குள் பந்து

உடைமாற்றும் அறையின் உயரமான ஜன்னல் வழியாகச் செப்டம்பர் வெயில் பெஞ்சின் மேல் விழுகிறது. அன்றைய பேஸ்பால் ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசவேண்டியவனின் காலணிக்குள் பயிற்சியாளர் காலையிலேயே ஒரு புதுப் பந்தை வைத்துவிடுவார், வாயால் சொல்வதில்லை. இன்று அது ஹாலிஸின் காலணியில் இருக்கிறது. ஒருமுறை வீசினால் நான்கு நாள் ஓய்வு என்பது ஆட்டப் பருவம் தொடங்கிய ஏப்ரலில் இருந்த வழக்கம். ஹாலிஸ் முந்தாநாள்தான் வீசினான். மற்ற வீச்சாளர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்துவிட்டு, நிம்மதியை மறைக்கச் சத்தமாகச் சீட்டாடுகிறார்கள். “கோழி மறுபடியும் உன் ஷூவுலயே முட்டை போட்டிருக்குடா,” என்கிறான் ஹாலிஸ் வீசும் பந்தைப் பிடிக்கும் ஓர்வில். ஹாலிஸும் சிரிக்கிறான். வலது கை மடியில் கிடக்கிறது. உள்சட்டை வீங்கிய முழங்கையில் இறுகியிருக்கிறது. களிம்பு நெடி. மேல்சட்டைப் பொத்தானை இடது கையால் துளைக்குள் தள்ளுகிறான். அது மறுபடியும் நழுவுகிறது.

ஓர்வில் சிரிப்பை நிறுத்திவிட்டு அருகில் வருகிறான்.

“விரலு?”

“காலையிலேர்ந்து மரத்துப்போயிருக்கு. கோச்சுகிட்ட சொல்லிடட்டுமா?”

“இன்னிக்கு ஜெயிச்சா லீக் சாம்பியன் கொடி நமக்குத்தான்டா.”

ஓர்வில் அவன் முன்னால் மண்டியிட்டு, குழந்தைக்குப் போடுவதுபோல, பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போடுகிறான். மேலே பார்வையாளர் மேடையில் கூட்டம் கால்களால் பலகைகளைத் தட்டத் தொடங்குகிறது. கூரையிலிருந்து தூசி உதிர்கிறது. வாசலில் பயிற்சியாளரின் தலை தெரிகிறது.

“ஹாலிஸ், கை எப்படி இருக்கு?”

ஹாலிஸ் வாயைத் திறக்கிறான்.

“நல்லாயிருக்கு கோச்,” என்கிறான் ஓர்வில், கடைசிப் பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல்.