ஆறு விசில்

கொதிநீரில் ஊறியதை அள்ளிப் பிழிந்தாள்.

நுரை வந்தது. கூடவே அந்தப் பச்சை வாடை.

மறுபடி தண்ணீர் ஊற்றினாள். மீல்மேக்கரை ஒரு தடவை பிழிந்தால் போதாது.

அடுக்களை வாசலில் வடிவு நின்றிருந்தாள். மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவள். ஆவுடையப்பன் அண்ணாச்சியின் மகள். அவர் வீட்டு மாடியில் இவர்கள் குடியிருந்த காலத்தில் தாவணி கட்டிய பிள்ளை. இப்போது அவளுக்கே காதோரம் நரை.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று பிடித்து உட்கார வைத்தாயிற்று. கணவன் முத்து வாழையிலை வாங்கப் போயிருந்தான்.

அண்ணாச்சி இப்போது இல்லை. அவருக்குப் பிடித்த குழம்பை அவர் மகளாவது சாப்பிடட்டும்.

பிழிந்தாள்.

அண்ணாச்சியின் பாளையங்கோட்டை வீடு. வாசலில் பலகை: சைவம் மட்டும்.

சுடலைமுத்து தன் பெயரின் முன்பாதியைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிட்டான். "முத்துங்க" என்றான். அண்ணாச்சி தலையாட்டினார். அவருக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி, ஆச்சி, ஆட்டவில்லை.

அது மூன்றாவது வீடு. முந்தைய இரண்டையும் மீன் வாசம் காலி செய்திருந்தது. இவள் வயிற்றில் ஐந்து மாதம். இனி அலையக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வந்துகொண்டேயிருந்தது.

திட்டம் முத்துவுடையது. முற்றத்தைப் பார்த்த சன்னலில் ஒரு மீல்மேக்கர் அட்டைப்பெட்டி. காலிப்பெட்டி. மசாலா வாசம் கீழே இறங்கினால், நிமிர்ந்து பார்ப்பவர்களுக்குப் பதில் அங்கே உட்கார்ந்திருக்கும்.

"போலீஸ் நாயே வந்தாலும் தப்பிச்சிரலாம், பாத்துக்கோ."

போலீஸ் நாய் வரவில்லை. செவலை வந்தது. தெரு நாய். ஞாயிறுதோறும் மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு மேலேயே பார்த்தது.

அதையும் கம்பைக் காட்டி விரட்டினார்கள்.

விசிலை மட்டும் மறந்துபோனார்கள்.

ஒரு ஞாயிறு, ஆறாவது விசில் அடித்து ஓய்ந்தபோது படியில் காலடிச் சத்தம்.

ஆச்சி.

"ஏம்மா, மீல்மேக்கருக்கா ஆறு விசிலு?"

முத்து சன்னல் பெட்டியைப் பார்த்தான். பெட்டி பேசவில்லை.

"தொறந்து காட்டு."

"ஆவி அடங்கணும் ஆச்சி."

"அடங்கட்டும். நிக்கேன்."

குக்கர் சீறிக்கொண்டிருந்தது. சீற்றம் குறைந்துகொண்டே வந்தது. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு முறை புரண்டது. அடுத்த வீடு எந்தத் தெருவில்?

கீழேயிருந்து அண்ணாச்சியின் குரல்.

"ஏளா, அடுத்தவ குக்கர்ல உனக்கென்ன சோலி? கடலைப்பருப்பு போட்டிருப்பா. எறங்கி வா, என் கண்ணாடியக் காணும்."

ஒரு நொடி விட்டு, இன்னும் உரக்க:

"எம்மா, எறக்குனதும் எனக்கு ஒரு கிண்ணம் குடுத்துவிடு. வாசம் ஆள இழுக்குல்லா."

ஆச்சி குக்கரைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். இறங்கிப் போனாள். தன் வீட்டுக்காரரே வாயில் வைக்கப்போகும் ஒன்றைச் சந்தேகப்பட முடியுமா?

முத்து பின்பக்கப் படியில் தாவினான். கடையிலிருந்து நிஜமான மீல்மேக்கரோடு திரும்பினான். தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. அன்றுதான் முதன்முதலாக மீல்மேக்கர் பிழிந்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் இரண்டு சமையல். குக்கரில் கறி. சட்டியில் சோயா. கூடம் வழியாக, ஆச்சியின் கண் முன்னால், கிண்ணம் போகும்.

கழுவித் திரும்பி வரும். உள்ளே ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும்.

வெறும் பாத்திரம் திருப்பித் தரக் கூடாது என்று நினைக்கிறார்கள் போல. அந்தப் பழத்தைக் கறி வறுவல்மேல் பிழிந்துகொண்டு இருவரும் சத்தம் வராமல் சிரிப்பார்கள்.

"பாவம் மனுஷன். என்னா ஆசையா திங்காரு!"

செவலைகூட மாடிப்படியை விட்டுவிட்டது. ஞாயிறானால் கிணற்றடியில் போய்ப் படுத்தது. தப்பித்தோம் என்றிருந்தது.

மகள் பிறந்தாள். அந்தப் படியைப் பிடித்துத்தான் நடை பழகினாள். சன்னல் பெட்டி வெயிலில் வெளுக்கும்போதெல்லாம் முத்து புதுப்பெட்டி வைத்தான்.

கடைசிப் பிடி. அழுத்திப் பிழிந்தாள்.

வடிவு முந்தானையால் மூக்கைத் தொட்டுக்கொண்டாள்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. எனக்கு ரசம் போதும்."

"ஏன்? உடம்புக்கு ஆகாதா?"

"எங்கப்பா மாதிரிதான் நானும். சோயா வாடை பட்டாலே குமட்டிட்டு வரும்."

கை நின்றது.

"உங்கப்பாவுக்கா? வாராவாரம் கேட்டு வாங்கி..."

"வாங்குவாங்க. வாங்கிட்டு நேரா கிணத்தடிக்குப் போயிருவாங்க. தனியா உக்காந்து தின்னாத்தான் ருசின்னு அம்மாட்ட சொல்லுவாங்க. அம்மாவும் கடைசி வரைக்கும் அத நம்பிட்டு இருந்தாங்க." வடிவு சிரித்தாள். "ஞாயித்துக்கிழமையானா அந்தச் செவலைக்கு எங்கப்பா காலுதான் கதி."

சிரித்துக்கொண்டே பைக்குள் கைவிட்டாள்.

"இத மறந்தே போனேன் பாருங்க. நம்ம மரத்துப் பழம். மாடி வீட்டுக்குப் போனா வெறுங்கையோட போகாதன்னு அப்பா சொல்லிட்டே இருப்பாங்க."

மேடையில் எலுமிச்சம்பழங்கள் உருண்டு நின்றன.

அவள் விரல்களைத் திறந்தாள்.

பிழிந்து நசுங்கியவை உள்ளங்கையில் மெல்ல, ஒவ்வொன்றாக, பழையபடி விரிந்துகொண்டிருந்தன.