வாசப்படி தாண்டாத கறி

"கறிச் சட்டி என் வாசப்படி தாண்டக் கூடாது புஷ்பா. சொல்லிட்டேன்."

ஆவுடையம்மாள் கதவைப் பாதிதான் திறந்தாள். நெற்றி நிறைய திருநீறு. உள்ளே பேட்டரியில் மின்விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"நாலு மணி நேரம்தான்க்கா. ஒரே ஒரு பிளக்கு. ஓரமா வச்சுக்கிறேன்."

"சஷ்டி விரதத்துல மான் கறியா? முருகா, முருகா."

கதவு சாத்திக்கொண்டது.

புஷ்பா எதிர்த்தாற்போல் இருந்த தன் வீட்டுக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். நாத்தனார் சுனிதா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய ஸ்லோ குக்கர். எட்டு மணி நேரம் வெந்தால் எந்தக் கறியும் நாக்கிலேயே கரைந்துவிடுமாம். இந்தப் பர்மிய நகரத்துக் கியாக்டடாப் பேட்டையில் கரண்ட் நாலு மணி நேரம் வரும், நாலு மணி நேரம் போகும். அது சிங்கப்பூருக்கு எப்படித் தெரியும்?

கட்டிலில் கணவர் தங்கவேலு. வாயில் ஆபரேஷன் ஆகி இருபது நாள். பேச்சில்லை. கஞ்சியைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆள் பாதியாகிவிட்டார். நேற்றுதான் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'மான் கறி.' லாரி ஓட்டிய காலத்து ருசி.

அலைந்து திரிந்து அரை வீசை வாங்கினாள். கரி அடுப்புப் புகை அவருக்கு ஆகாது. இன்று காலை ஒன்பதுக்குக் குக்கரில் வைத்திருந்தாள். ஒரு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. கறி அரைவேக்காடு. இந்த வெக்கையில் ஐந்து மணிக்குள் கெட்டுவிடும்.

சட்டியை அடுப்படியில் வைத்துவிட்டுக் கீழே காஜா மைதீன் கடைக்கு ஓடினாள்.

"பாய், உங்க ஜெனரேட்டர்ல ஒரு வயர் தர முடியுமா?"

"டீசல் தீந்து போச்சே தங்கச்சி. வரட்டும், பார்ப்போம்."

இன்னும் இரண்டு தெரு அலைந்து வெறுங்கையோடு மாடி ஏறினாள்.

மாடிப்படியில் ஆவுடையம்மாள் உட்கார்ந்து பனைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"என்னக்கா, வெளியே உட்கார்ந்துட்டீங்க?"

"உள்ள இருக்க முடியல."

கறி வாசனை அவ்வளவு குமட்டுகிறதாக்கும். புஷ்பா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

குக்கரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பின்பக்க ஜன்னல் வழியாக ஒரு வயர் வந்திருந்தது. வெளியே அது கீழ்நோக்கித் தொய்ந்து கிடந்தது. பாய்க்கு டீசல் கிடைத்துவிட்டது.

"பார்த்தீங்களா, பாய் மனசு யாருக்கு வரும்? எதிர்ல ஒருத்தி இருக்காளே, சாமி கும்பிடறவ."

தங்கவேலு வேகமாகத் தலையாட்டினார். சிலேட்டுக்காகத் தலையணைக்கடியில் துழாவினார்.

"அலட்டிக்காதீங்க. சும்மா படுங்க."

ஐந்து மணிக்குத் தெருவே "மீலாபி" என்று கத்தியது. கரண்ட் வந்துவிட்டது. கறி கரண்டி பட்டதும் உதிர்ந்தது.

முதல் கரண்டியை மெதுவாக விழுங்கினார். இரண்டாவது. மூன்றாவது. பிறகு சிலேட்டை எடுத்து எழுதினார்: 'இன்னும்.'

புஷ்பா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு கிண்ணம் கறியைக் கீழே கொண்டுபோனாள். "உங்களாலதான் பாய் அவர் சாப்பிட்டாரு."

காஜா மைதீன் முழித்தார். "டீசல் இன்னும் வரலையே தங்கச்சி."

புஷ்பா மேலே ஓடிவந்து பின்பக்க ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். வயர் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. கீழே அல்ல, பக்கவாட்டில். எதிர்வீட்டு அடுப்படி ஜன்னலில் ஆவுடையம்மாள் அதை இழுத்து இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மின்விசிறி இப்போதுதான் சுற்ற ஆரம்பித்திருந்தது.

"அக்கா..."

"என்னடி பார்க்கிற? கறிதான் என் வாசப்படி தாண்டக் கூடாது. கரண்டுக்கு ஏது விரதம்?"