கோவைக்கொடி பிடித்த கதவு

"தினம் ஒரு தடவையாவது வாசக் கதவைத் திறந்து மூடுங்க. இல்லேன்னா கோவைக்கொடி பிடிச்சுக்கும்" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள் ஹேமலதா. கணவர் ராஜ்மோகனோ பெரிய மனிதர். கதவு திறப்பதெல்லாம் அவர் செய்கிற வேலையா? சாப்பாடுதான் ட்ரோனில் ஜன்னலுக்கே வந்துவிடுகிறதே.

அவள் திரும்பி வந்தபோது, அந்த ஒற்றை வாசல் வீட்டின் கதவைக் கொடி நிலையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. செக்கச்செவேலென்று பழம் வேறு. ஒரு காலத்தில் களை என்று பிடுங்கி எறிந்த கொடிதான். இந்த வெயிலில் பிழைத்துக் கிடக்கும் பச்சை அது ஒன்றே என்பதால், இப்போது இலையைக் கிள்ளினாலே ஜெயில்.

பசுமை அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கொடியைத் தரிசித்தார்.

"தானா காயிற வரைக்கும் யாரும் தொடக் கூடாதும்மா."

"எப்ப சார் காயும்?"

"கோவைக்கொடியா? நம்மளையெல்லாம் அனுப்பி வச்சிட்டுத்தான் அது போகும்."

ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து ராஜ்மோகனின் குரல் வந்தது. "வந்ததும் வராததுமா அங்க என்னடி பேச்சு? சீக்கிரம் உள்ள வந்து காபி போடு!"

ஹேமலதா ஜன்னலைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள்.

"சட்டத்தை மீற முடியுமா சார்?" என்றாள், மிகுந்த வருத்தத்தோடு.

பிறகு பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொடியின் வேரில் ஒரு சொட்டு விடாமல் ஊற்றிவிட்டு, மகள் ஊருக்கே திரும்பப் பஸ் ஏறினாள்.